மருத்துவர் சொன்னதை நான் முழுவதும் சொல்லவில்லை

வாசகர் கடிதம்

"நான் மதுரைப் பக்கம் பிறந்தவள். திருமணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் கணவர், மாமனார், கொழுந்தனார் ஆகியோருடன் வசிக்கிறேன். கொழுந்தனாருக்கு வயது 43. பிறவியிலேயே காது கேளாது. வந்த புதிதில் இந்த ஊர் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. இந்த வீட்டில் எனக்கு முதலில் புரிந்தது அவருடைய கைகள்தான். அவரிடமிருந்துதான் சைகை கற்றேன். அதனால் வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அவருக்குப் பேசுவது என் வேலையாகிவிட்டது.

அவருக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற மாதம் அரசு மருத்துவமனையில் மருத்துவர், சிறுநீரகம் கெட்டுவருகிறது, கவனிக்காவிட்டால் டயாலிசிஸ் வரை போகும் என்று சொன்னார். கொழுந்தனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், உணவில் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள்' என்று மட்டும் சைகை காட்டினேன். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. நான் செய்தது தவறா? அரசு செலவில் சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா?

மாமனாருக்கு 70 வயது. 2016இல் காசநோய்க்குப் பல மாதங்கள் ஊசி போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவருக்கும் காது மந்தமாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் வருவதானால் தனக்கும் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்கிறார். இந்த வயதில் அவர் சைகை கற்க முடியுமா?"

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முதலில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அந்த அறையில் உங்களை உட்காரவைத்தது தவறு. அந்தத் தவறு உங்களுடையது அல்ல. ஒரு மனிதரின் உயிரைப் பற்றிய செய்தியை, அவர்மீது பாசம் வைத்திருக்கும் ஒருவரின் கைகள் வழியாகவே சொல்லியாக வேண்டும் என்ற நிலையை ஏற்படுத்தினால், அந்தக் கைகள் தயங்கத்தான் செய்யும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தயங்காதது அவருக்கு இரக்கம் இல்லாததால் அல்ல. செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் சேர்ப்பது ஒன்றே தம் பொறுப்பு என்று அவர் பயிற்சி பெற்றிருக்கிறார். இரவு அதே வீட்டில் அதே மனிதருக்குச் சோறு பரிமாற வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

செவித்திறன் வல்லுநராக அரசுப் பணியில் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். காது கேளாத ஒரு தாய்க்கு அவருடைய 11 வயது மகள் வழியாகப் பரிசோதனை முடிவுகளை விளக்கினேன். அந்தத் தாயின் மார்பில் இருந்த கட்டியைப் பற்றி வேறொரு பிரிவிலிருந்து வந்த தாளையும் 'இதையும் அம்மாவிடம் சொல்லிவிடு' என்று அந்தக் குழந்தையின் கையில் கொடுத்தேன். அது அவசரத்தில் செய்தது, நல்லெண்ணத்துடன் செய்ததும்கூட. அந்தச் சிறுமி தாளை மடித்துப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் எழுந்து போனதை இன்றும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நோயாளியின் குடும்பத்தாரை மொழிபெயர்க்கச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். உங்கள் கடிதத்தை இத்தனை அக்கறையோடு படித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும், செய்தி இன்னும் அவரைச் சென்றடையவில்லை என்பது உண்மை. அதை இந்த வாரமே சரிசெய்ய வேண்டும். நான் சிறுநீரக மருத்துவர் அல்ல. எனினும் இந்தத் தாமதம் ஏன் ஆபத்தானது என்பதைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகும்போது நெடுநாள் வரை உடலில் எந்த அறிகுறியும் தெரியாது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் அந்தப் பழுது வேகமாக வளராமல் தடுக்கலாம். அதற்கு நோயாளிக்குத் தம் நிலை தெரிந்திருக்க வேண்டும். இபுபுரூஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடியவை. கடையில் எளிதாகக் கிடைக்கும் அந்த மாத்திரைகளை முதுகுவலிக்கோ பல்வலிக்கோ அவர் விழுங்கிக்கொண்டிருந்தால், 'உணவில் கவனம்' என்ற அறிவுரை அவரைக் காப்பாற்றாது. இந்த மாகாணத்தில் டயாலிசிஸ் எல்லாருக்கும் எளிதில் கிடைப்பதும் இல்லை. 1997இல் தியாகராஜ் சூப்ரமணி என்ற டர்பன்வாசி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றார். இருக்கும் கருவிகள் போதாத நிலையில் யாருக்குச் சிகிச்சை என்று மருத்துவமனை வகுத்துக்கொண்ட விதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அவர் காலமானார். உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் கொழுந்தனாருக்கு இப்போது கையில் இருக்கும் காலம் எவ்வளவு விலைமதிப்பற்றது என்பதை நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

எனவே நீங்களே வீட்டில் உட்கார்ந்து நோயை விளக்க முயல வேண்டாம். 'அன்று மருத்துவர் சொன்னதை நான் முழுவதும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவரே உங்களுக்கு நேராகச் சொல்ல ஏற்பாடு செய்கிறேன். அதுவரை மருத்துவரைக் கேட்காமல் எந்த வலி மாத்திரையும் போடாதீர்கள்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கோபப்படலாம், அது நியாயமான கோபம். விளக்கத்தை மருத்துவரிடம் விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் கற்றது வீட்டுச் சைகை. சோறு, கடை, கோயில், கவலை, சிரிப்பு எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சிறுநீரகம் வடிகட்டுவது, அது எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது, எந்தக் கட்டத்தில் என்ன சிகிச்சை என்பவற்றுக்கெல்லாம் அதில் சைகை இருக்காது. மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை நீங்கள் தமிழில் வாங்கி, பிறகு சைகையில் தந்திருக்கிறீர்கள். நீங்கள் எதையும் மறைக்காமல் இருந்திருந்தாலும், வழியில் பாதி சிந்தியிருக்கும்.

இனி மொழிபெயர்ப்பாளரைப் பற்றி. 2023 ஜூலை 19 அன்று அரசியலமைப்பின் பதினெட்டாவது திருத்தத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டதன் மூலம், தென்னாப்பிரிக்கச் சைகை மொழி இந்நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியாயிற்று. உங்கள் கொழுந்தனார் பேசுவது இப்போது ஜூலு, ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ் ஆகியவற்றுக்குச் சமமான ஆட்சிமொழி. இதை நீங்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் மருத்துவமனையில் நீங்கள் கேட்கப்போவது சலுகை அல்ல. அதற்கு முன்பே இருந்த சட்டங்களும் உங்கள் பக்கம்தான் நிற்கின்றன. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 6ஆம் பிரிவில், நோயாளியின் உடல்நிலை, கிடைக்கக்கூடிய சிகிச்சைகள், அவற்றின் நன்மை, ஆபத்து, செலவு ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில், அவருடைய எழுத்தறிவையும் கருத்தில் கொண்டு தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவில் 'இயன்றவரை' என்ற சொல்லும் இருக்கிறது; பல மருத்துவமனைகள் அந்தச் சொல்லின் நிழலில்தான் ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் யாரும் கேட்காதபோது 'இயலவில்லை' என்று சொல்வது ஒன்று. மூன்று வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்ட பிறகு அப்படிச் சொல்வது வேறு. 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, ஊனமுற்றோரின் தேவைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவதும் பாகுபாடாகவே கருதப்படும்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்கு ஒரு கடிதமும், அதன் நகல் உங்கள் கொழுந்தனார் செல்லும் பிரிவின் பொறுப்புச் செவிலியருக்கும் போக வேண்டும். அதில் அவருடைய கோப்பு எண், அடுத்த சந்திப்பின் தேதி, பிரிவின் பெயர், அவருடைய மொழி தென்னாப்பிரிக்கச் சைகை மொழி என்பது, முன்பு நடந்த சந்திப்பில் அவருடைய நோய்நிலை அவருக்கு முழுமையாகத் தெரிவிக்கப்படவில்லை என்பது, குடும்பத்தார் யாரும் இனி மொழிபெயர்க்க மாட்டார்கள் என்பது ஆகிய எல்லாம் இருக்கட்டும். 'மொழிபெயர்க்க மாட்டோம்' என்ற வரியை மென்மையாக்காதீர்கள். உதவிக்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் எந்த நிர்வாகமும் பணம் செலவழித்து இன்னொருவரைத் தேடாது; இத்தனை ஆண்டுகளாக உங்கள் கொழுந்தனாருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல் போனதற்கு உங்கள் நல்ல மனமும் ஒரு காரணமாகிவிட்டது. சந்திப்பு தொலைவில் இருந்தால், முன்கூட்டியே ஒரு நாள் ஒதுக்கித் தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் உங்கள் கொழுந்தனார், நீங்கள் அல்ல.

மருத்துவமனையில் சம்பளத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இருப்பது அரிது. வெளியிலிருந்துதான் வரவழைப்பார்கள். காது கேளாதோரின் தேசிய அமைப்பான டெஃப்சா வழியாக மொழிபெயர்ப்பாளர்களைத் தொடர்புகொள்ள முடியும். நம் மாகாணத்தில் பார்வையற்றோர் மற்றும் காது கேளாதோர் சங்கமும் இருக்கிறது. அவர்களை நீங்களே முன்கூட்டி விசாரித்து, அன்று வரக்கூடிய ஒருவரின் விவரத்தைக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தால் நிர்வாகத்தின் வேலை பாதியாகக் குறையும். 'யாரும் கிடைக்கவில்லை' என்ற பதிலுக்கும் இடமிருக்காது. ஆனால் கட்டணத்தை நீங்கள் ஏற்க முன்வர வேண்டாம். அது சேவை தரும் நிறுவனத்தின் செலவு.

வருபவர் தகுதியானவரா என்பது அடுத்த கேள்வி. 2013 டிசம்பர் 10 அன்று நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டத்தில், உலகத் தலைவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் மணிக்கணக்கில் கையசைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த அசைவுகளுக்குப் பொருளே இல்லை. மைதானத்திலும் தொலைக்காட்சி முன்பும் இருந்த காது கேட்கும் கோடிக்கணக்கானோரில் பெரும்பாலோருக்கு அது தெரியவில்லை. காது கேளாதோருக்கும் சைகை மொழி அறிந்தோருக்கும் மட்டுமே உடனே தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன்: மொழிபெயர்ப்பாளர் நன்றாகச் செய்கிறாரா என்று தீர்ப்புச் சொல்லக்கூடியவர் மருத்துவரும் அல்ல, நீங்களும் அல்ல. முதல் இரண்டு நிமிடங்களில் உங்கள் கொழுந்தனாரும் மொழிபெயர்ப்பாளரும் தனியாகப் பேசிப் பார்க்கட்டும். புரியவில்லை என்று அவர் சொன்னால் சந்திப்பை நிறுத்திவிடுங்கள். எங்கே பயின்றார், எந்த அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்பதிலும் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இங்கே ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். உங்கள் கொழுந்தனார் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். இந்நாட்டுச் சைகை மொழிக்கு 19ஆம் நூற்றாண்டில் கேப் டவுனுக்கு வந்த அயர்லாந்து டொமினிக்கன் கன்னியர்களின் பள்ளி ஒரு வேர். பிரிட்டிஷ் சைகை மற்றொரு வேர். ஆனால் நிறவெறி ஆட்சி காது கேளாத குழந்தைகளையும் இனவாரியாகப் பிரித்து வெவ்வேறு பள்ளிகளில் வைத்தது. கண்ணால் பார்த்துக் கற்கும் மொழி என்பதால், அங்கங்கே அந்தந்தப் பள்ளிக்குரிய சைகைகள் வளர்ந்துவிட்டன. டர்பனில் இந்தியப் பிள்ளைகள் படித்த வி. என். நாயக் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் பயன்படுத்தும் சில சைகைகள், கில்லிட்ஸில் உள்ள ஃபுல்டன் பள்ளியில் படித்தவருடைய சைகைகளிலிருந்து மாறுபடலாம். இலக்கணம் ஒன்றே, சொற்கள் சில வேறுபடும். மொழிபெயர்ப்பாளருக்கு முன்பே தெரிந்தால் அவர் தயாராக வருவார். ஊரிலிருந்து யாராவது சைகை தெரிந்த உறவினர் வந்தால் போதும் என்று வீட்டில் சொல்லக்கூடும், அது உதவாது. இந்தியச் சைகை மொழி வேறு மொழி.

'எழுதிக் காட்டினால் போதாதா' என்று மருத்துவமனையில் நிச்சயம் கேட்பார்கள். பிறவியிலேயே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகையே. ஆங்கிலம் அவர்கள் காதால் கேட்டறியாத ஓர் அயல்மொழி. நம் மாகாணத்தின் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலம் உதட்டசைவையும் பேச்சையும் மட்டுமே வலியுறுத்தினார்கள். சைகை மொழியைத் தாய்மொழிப் பாடமாக எடுத்து மாணவர்கள் மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதியதே 2018இல்தான் முதன்முறை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பள்ளியை விட்டு வந்த உங்கள் கொழுந்தனார், மருத்துவ ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளைப் பார்த்துத் தலையசைத்தால், அந்தத் தலையசைப்புக்குப் 'புரிந்தது' என்று பொருள் கொள்ளக் கூடாது. கூச்சத்தாலும் தலையசைப்பார்கள்.

சந்திப்பு நடக்கும் அறையில் மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்குச் சற்றுப் பக்கத்திலோ பின்னாலோ உட்கார வேண்டும். நோயாளி இருவரையும் ஒரே பார்வையில் காண வேண்டும். ஜன்னல் அவர்களுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். சைகை மொழியில் முகமும் இலக்கணம் என்பதால் அது பாதி வாக்கியத்தை மறைத்துவிடும். மருத்துவர் 'அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்' என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாமல், உங்கள் கொழுந்தனாரைப் பார்த்து 'உங்களுக்கு' என்று பேச வேண்டும். சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகுமானால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் தேவை. 20 முதல் 30 நிமிடங்களில் ஒருவருக்குக் கவனம் தளரும், பிழை வரும். நீங்கள் உள்ளே இருப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வெளியே இருக்கச் சொன்னால் வருந்தாதீர்கள். 43 வயதில் அவர் தம் மருத்துவரோடு தனியாகப் பேசியது ஒருமுறைகூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரத்தம் எடுக்கும்போதும் ஊசிக்குழாய் பொருத்தும்போதும் அவர் சைகைக்கு அதிகம் பயன்படுத்தும் கையை விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தக் கையில் குழாய் ஏற்றிக் கட்டிவிட்டால் அது வாயைக் கட்டியதற்குச் சமம். இதைக் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் டயாலிசிஸுக்காக இரத்தக்குழாயை இணைக்கும் நிலை வந்தாலும், அதை வழக்கமாகக் குறைவாகப் பயன்படும் கையில்தான் செய்வார்கள்; இவருக்கு அது எந்தக் கை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்றால், உயிருக்கு அவசரம் இல்லாத நிலையில் சந்திப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி, வராத காரணத்தைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். காணொளி வழியாகத் தொலைவிலிருந்து மொழிபெயர்ப்பதும் உண்டு. தடித்த சுவர்களுக்கு நடுவே இணையம் திக்கினால் சைகை உடைந்துபோகும் என்பதால், அறையில் முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது முறையும் ஏமாற்றினால் மாகாண சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதலாம். அதுவும் பலிக்காவிட்டால் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே அது நடக்கும். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் முத்திரை பெற்ற முதல் கடிதமே வேலையை முடித்துவிடுகிறது.

அரசு உதவித்தொகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருப்பது நல்லது. 18 முதல் 59 வயது வரையானோருக்கு, அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசா வழங்கும் ஊனமுற்றோர் உதவித்தொகை, காது கேளாது என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைக்காது. உடல்நிலையால் உழைத்துப் பிழைக்க இயலாது என்பதை மருத்துவர் மதிப்பிட வேண்டும், வருமானச் சோதனையும் உண்டு. சிறுநீரக நோய் பிற்காலத்தில் அவருடைய வேலையைப் பாதித்தால் அப்போது விண்ணப்பிக்கலாம். சாசா அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

உங்கள் மாமனாரின் நிலை முற்றிலும் வேறு. 2016இல் பல மாதங்கள் ஊசி என்று எழுதியிருக்கிறீர்கள். அது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அதற்குக் கொடுத்த கானமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகள் உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரணுக்களை அழிக்கக்கூடியவை. அழிந்த அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. இந்தக் காரணத்தாலேயே 2018இல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளைக் கைவிட்டு, அவற்றுக்குப் பதிலாகப் பெடாகுவிலின் மாத்திரையைப் பயன்படுத்தத் தொடங்கியது. உலகத்துக்கு முன்னோடியாக எடுத்த முடிவு அது. உங்கள் மாமனாரைப் போன்றவர்களுக்குத்தான் இரண்டு ஆண்டுகள் தாமதமாகிவிட்டது. ஆகவே 'வயசாச்சு, காது மந்தம்' என்று வீட்டில் ஒதுக்கிவிட வேண்டாம். அந்தச் சிகிச்சையின் விவரத்தைச் செவித்திறன் பிரிவில் கட்டாயம் சொல்லுங்கள். இனி எந்த மருத்துவர் ஊசி மருந்து கொடுப்பதானாலும் இதை முதலில் தெரிவியுங்கள்.

அவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரால் இப்போது பயன் இல்லை. அவருடைய மொழி தமிழும் ஆங்கிலமும்தான், அது அவருக்கு அரைகுறையாகக் கேட்கிறது, அவ்வளவே. இத்தகைய இழப்பில் முதலில் போவது உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்தின் ஓசை காதில் விழும், மெய்யெழுத்து நழுவிவிடும். காசு, காது, காடு மூன்றும் அவருக்கு ஒன்றுபோலவே கேட்கும். 'கத்திச் சொன்னாலும் விளங்கவில்லையே' என்று நீங்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். கத்தும்போது உயிரோசைதான் பெருகுகிறது, தொலைந்த மெய் திரும்பி வருவதில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் எல்லை உண்டு. பாடு என்பதும் மாடு என்பதும் உதட்டில் ஒன்றே. முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சற்று மெதுவாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

அவருக்குத் தேவையான முதல் சேவை செவித்திறன் பரிசோதனை. அருகிலுள்ள கிளினிக்கில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மருத்துவமனையின் செவித்திறன் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதியோர் உதவித்தொகை பெறுபவர் என்றால் அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை; செவிக்கருவியும் அங்கே கிடைக்கும். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும் என்பதால் இன்றே பெயரைச் சேர்த்துவிடுவது நல்லது. மருத்துவர் சந்திப்புகளில் அவருக்கு உதவக்கூடியது எழுத்து: மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் போன்ற கைபேசிச் செயலியும் உதவும்; ஆனால் டர்பன் ஆங்கிலத்தை அது சில இடங்களில் தவறாகப் பிடிக்கும், 15 என்பதையும் 50 என்பதையும் குழப்பும். மருந்தின் அளவை மட்டும் செயலியை நம்பி விடாதீர்கள்.

செவிக்கருவி வந்த முதல் சில வாரங்களில் பாத்திரம் உருளும் சத்தமும் குழாய்த் தண்ணீரின் சத்தமும் அவருக்குத் தாங்க முடியாததாகத் தோன்றும். கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். மூளை அந்த ஒலிகளை மறந்துபோயிருக்கிறது, பழக நாளாகும். நாளுக்கு ஒரு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். மீண்டும் சரிசெய்துகொள்ளப் பிரிவுக்கு வரத் தயங்காதீர்கள்.

70 வயதில் சைகை கற்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவமனையில் அவருக்கு அது தேவைப்படாது. சட்டமும் சேவையும் அவருக்கு வேறு வழி வைத்திருக்கின்றன. ஆனால் 43 ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் அவரும் அவர் மகனும் உங்கள் கைகள் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். கற்கலாம்; அன்றாடம் புழங்கும் சில நூறு சைகைகளுக்கு இந்த வயது தடையே இல்லை. கற்பிக்க வேண்டியவர் மட்டும் நீங்கள் அல்ல, உங்கள் கொழுந்தனார்.

டர்பனிலிருந்து,
உங்கள் செவித்திறன் ஆலோசகர்